தற்கொலை என்று எழுதிவிட்டால் கேள்வி முடிந்துவிடுமா?

தை பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு பொங்கல். ஒன்று சூரியனுக்கு, இன்னொன்று பென்னிகுவிக்குக்கு. ஜனவரி 15 அவர் பிறந்த நாள். பாலார்பட்டியில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்குகிறார்கள். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் மாலை குவிகிறது. முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்தது 1895இல். 130 ஆண்டு கடந்தும் தண்ணீர் கொடுத்தவரை மறக்காத மண் இது.

அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொரு நாள் வருகிறது. ஜனவரி 17. அன்றைக்கு நம் ஊர்களில் பெரும்பாலும் யாரும் கூடுவதில்லை. அம்பேத்கர் படிப்பகம் இருக்கும் சில தெருக்களில் ஒரு படம் வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள், அவ்வளவுதான். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்த நாள் அது. 2016இல் நடந்தது. இந்த ஜனவரியோடு பத்து ஆண்டு நிறைகிறது.

ஐதராபாத்தில் இறந்த ஒரு மாணவரைப் பற்றித் தேனியில் உட்கார்ந்து எதற்கு எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. மனு எழுதுகிற, கேள்வி கேட்கிற, அதனால் வழக்கு சுமக்கிற ஒரு பையன் நம் பக்கத்தில் திடீரென்று இறந்துபோனால் தெருவில் முதலில் எழும் பேச்சு என்ன? “அவனாவது சாகுறதாவது, சாகடிச்சிருப்பாங்க.” காவல் நிலையத்தில் கிடைக்கும் பதில் என்ன? “தற்கொலைதாங்க, லெட்டரே இருக்கு.” இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் உண்மை நசுங்கிப் போகிறது. ரோஹித் விஷயத்தில் பத்து ஆண்டாக நடந்ததும் அதுதான். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் நாளை நம் ஊரில் இப்படி ஒன்று நடக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

நடந்தது என்ன?

ரோஹித் குண்டூரைச் சேர்ந்தவர். தாய் ராதிகா தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மாதம் 25 ஆயிரம் ரூபாய் ஆய்வு உதவித்தொகை பெற்ற ரோஹித், அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் முன்னால் நின்றவர்.

2015 ஆகஸ்ட் தொடக்கத்தில் சங்கம் ஒரு போராட்டம் நடத்தியது. அதைப் பற்றி ஏ.பி.வி.பி. தலைவர் ஒருவர் முகநூலில் இழிவாக எழுதினார். அதைக் கேட்கப் போன இடத்தில் வாக்குவாதம். அவர் தன்னை அடித்தார்கள் என்றார். இவர்கள் அடிக்கவில்லை என்றார்கள். காவல் நிலையத்தில் புகார், பல்கலைக்கழகத்தில் விசாரணை, உயர் நீதிமன்றத்தில் மனு என்று மூன்று பக்கமும் நெருக்கடி தொடங்கியது.

கல்லூரி விடுதிகளில் எங்கேயும் நடக்கிற சண்டை இது. ஆனால் இந்தச் சண்டை டெல்லிக்குப் போனது. அன்றைய மத்திய இணையமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, ஆகஸ்ட் 17 அன்று மனிதவள மேம்பாட்டு அமைச்சர் ஸ்மிருதி இரானிக்குக் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் சாதியவாத, தேசவிரோத அரசியலின் கூடாரமாகிவிட்டது என்பது அதன் சாரம். அதன் பிறகு அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நவம்பர் வரை ஐந்து முறை ‘என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்’ என்று கடிதமும் நினைவூட்டலும் வந்தன. ஒரு விடுதிச் சண்டைக்கு ஐந்து கடிதம்! நம் ஊரில் சாலை கேட்டும் சுடுகாட்டுப் பாதை கேட்டும் போடுகிற மனுவுக்கு ஒரு பதில் வாங்க எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

முடிவில் ஐந்து மாணவர்கள் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஐவரும் தலித் மாணவர்கள். வகுப்புக்குப் போகலாம், ஆனால் விடுதிக்குள்ளும் நிர்வாகக் கட்டடத்துக்குள்ளும் போகக் கூடாது, பொது இடங்களில் கூட்டமாக நிற்கக் கூடாது, மாணவர் தேர்தலில் நிற்கக் கூடாது. இந்தத் தடைகளைப் படிக்கும்போது நம் பாட்டன்மாருக்கு ஊருக்குள் இருந்த தடைகள் நினைவுக்கு வருகின்றனவா? அந்த மாணவர்களுக்கும் வந்தது. வளாகத்துக்குள்ளேயே திறந்தவெளியில் ஒரு கூடாரம் போட்டு அதற்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி என்று பொருள். அம்பேத்கர் படத்தையும் படுக்கையையும் தூக்கிக்கொண்டு ஜனவரிக் குளிரில் அங்கேதான் படுத்தார்கள்.

ரோஹித்துக்கு அதற்கு முன்பே உதவித்தொகை நின்றுபோயிருந்தது. டிசம்பர் 18 அன்று துணைவேந்தருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தலித் மாணவர்கள் சேரும்போதே அவர்கள் செத்துப்போக வழி செய்து கொடுத்துவிடுங்கள் என்ற கசப்பு அந்தக் கடிதம் முழுக்க இருந்தது. ஒரு மாணவன் தன் துணைவேந்தருக்கு இப்படி எழுதினால் அன்றைக்கே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டாமா? சரியாக முப்பதாம் நாள் அவர் இல்லை.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

இறந்த மறுநாளே உடல் ஐதராபாத் ஆம்பர்பேட்டையில் காவல்துறைப் பாதுகாப்போடு எரிக்கப்பட்டது. இத்தனை அவசரம் ஏன் என்று நண்பர்கள் கேட்டார்கள். பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் பேசிய அமைச்சர், மறுநாள் காலை வரை எந்த மருத்துவரையும் அருகில் விடவில்லை என்றார். தகவல் வந்த சில நிமிடங்களில் போய்ப் பரிசோதித்து இறப்பை உறுதி செய்தது நான்தான் என்று பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி வெளிப்படையாக மறுத்தார். பாதுகாப்புக்காக எரித்தோம் என்று அதிகாரிகளுக்கு ஒரு காரணம் இருக்கலாம். அமைச்சருக்குத் தவறான தகவல் தரப்பட்டிருக்கலாம். ஆனால் இறந்தவரின் ஆட்களுக்கு முதல் நாளிலேயே உண்மையைச் சொல்லாத அரசு, பிறகு எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

நம் மக்கள் காரணமில்லாமல் சந்தேகப்படுவதில்லை. பட்டறிவு அப்படி.

ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூன் 23 அன்று தன்னுடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடலாகக் கிடைத்தார். உடலோடு ஒரு கடிதம். கைப்பேசியில் அவர் குரலிலேயே பதிவு. எல்லாம் ‘தற்கொலை’ என்று சொன்னது. முதலில் சந்தேக மரணம் என்றுதான் வழக்கும் பதிவானது. கோயில் கண்காணிப்புக் கேமராவில் அவரை ஒரு கும்பல் அழைத்துப் போன காட்சி இல்லாவிட்டால், அவருடைய தாய் சித்ரா விடாமல் போராடாவிட்டால், அந்தக் கோப்பு அப்போதே மூடப்பட்டிருக்கும். அவர் கேட்டதால்தான் விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அந்தக் கொலைத் தீர்ப்பை உறுதி செய்தது. கடிதமும் குரலும் மிரட்டி வாங்கப்பட்டவை என்று நிரூபணமான வழக்கு இது. அந்த வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று இறந்தார். அவரும் தலித். அந்தத் தற்கொலையின் மீதான சந்தேகமும் சி.பி.ஐ. வரை போனது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்தோரம் இளவரசன் இறந்து கிடந்தார். தமிழ்நாடே கொலை என்று நம்பியது; நானும் நம்பினேன். உயர் நீதிமன்றம் தலையிட்டு எய்ம்ஸ் மருத்துவர்களைக் கொண்டு மறு உடற்கூறாய்வு செய்ய வைத்தது. நீதிபதி சிங்காரவேலு ஆணையம் விசாரித்துத் தற்கொலை என்றே முடிவு சொன்னது. அந்த முடிவை ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருக்கட்டும். நான் கேட்பது வேறு. தற்கொலை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பையன் ஒரு பெண்ணை விரும்பி மணந்ததற்காக நத்தம் உள்ளிட்ட மூன்று ஊர்களில் தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. அந்தத் திருமணம் பிரிந்துபோகும் அளவுக்கு நெருக்கடி கொடுக்கப்பட்டது. அதற்கு யார் பொறுப்பு? ‘தற்கொலை’ என்ற ஒரு சொல்லோடு இந்தக் கேள்வி செத்துப்போய்விடுமா?

இரண்டு கேள்விகள்

இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். இப்படி ஒரு மரணம் நடந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எப்படி இறந்தார் என்பது ஒன்று. அந்த இடத்துக்கு அவரைத் தள்ளியது யார், எது என்பது மற்றொன்று. கோகுல்ராஜ் வழக்கில் முதல் கேள்வி முக்கியம். ரோஹித் விஷயத்தில் இரண்டாவது கேள்வி முக்கியம். நாம் இரண்டையும் குழப்பி, கொலையா தற்கொலையா என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தால் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு வசதி. தற்கொலை என்று ஒரு சான்றிதழைக் காட்டிவிட்டு, ‘பார்த்தீர்களா, எல்லாம் வதந்தி’ என்று கோப்பைக் கட்டிவிடுவார்கள்.

ரோஹித் தன் கடைசிக் கடிதத்தில் தன் முடிவுக்கு யாரும் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார். இதை எடுத்துக்கொண்டு பலர் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதே கடிதத்தில் தனக்கு ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், வர வேண்டியிருக்கிறது, அதை வீட்டுக்குக் கொடுங்கள் என்றும் எழுதியிருந்தார். யாரையும் குற்றம் சொல்லாமல் போவது அவருடைய பெருந்தன்மை. பொறுப்பு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியது விசாரணை. இறந்தவரின் பெருந்தன்மையை உயிரோடு இருப்பவர்களுக்கு விடுதலைப் பத்திரமாக மாற்ற முடியாது.

அடுத்து என்ன நடந்தது பாருங்கள். தற்கொலைக்குத் தூண்டியதாகவும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் துணைவேந்தர், இணையமைச்சர் உள்ளிட்டோர் மீது வழக்குப் பதிவானது. உடனே விவாதம் முழுவதும் ரோஹித் தலித்தா இல்லையா என்று திரும்பியது. மத்திய அரசு அமைத்த ரூபன்வால் ஆணையம், சொந்த விரக்தியே காரணம் என்றும் அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் அல்ல என்றும் சொன்னது. தாய் ராதிகா மாலா சாதியில் பிறந்து, பிற்படுத்தப்பட்ட குடும்பம் ஒன்றில் வளர்க்கப்பட்டவர். தந்தை பிற்படுத்தப்பட்டவர், குடும்பத்தை விட்டுப் பிரிந்தவர். தாயின் சூழலில் தலித்தாகவே வளர்ந்து, தலித்தாகவே அவமானப்பட்ட பிள்ளைக்குத் தாயின் சாதியைக் கோர உரிமை உண்டு என்பதற்கு 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது.

சாதிச் சான்றிதழில் இவ்வளவு அக்கறை ஏன்? தற்கொலைக்குத் தூண்டும் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டு. பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தை ஒரு தலித்துக்கு எதிராக, அவர் தலித் என்று தெரிந்தே செய்தால், வன்கொடுமைச் சட்டப்படி ஆயுள் தண்டனை. சாதியைப் பறித்துவிட்டால் அந்தச் சட்டம் விலகிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் தலித் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் தூண்டுதல் குற்றம் நடந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாகச் செத்தவனின் சாதியை விசாரித்தார்கள்.

2024 மார்ச்சில் தெலங்கானா காவல்துறை வழக்கை முடிக்கும் அறிக்கையை நீதிமன்றத்தில் வைத்தது. ரோஹித் தலித் அல்ல, அது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்திருக்கலாம் என்றது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மீது எதுவும் இல்லை என்றது. மே மாதம் விவரம் வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. மேல்விசாரணை கோருவோம் என்று மாநில டி.ஜி.பி. அறிவித்தார். எந்த நீதிமன்றமும் இதுவரை யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை; நாமும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஐந்து கடிதங்கள், ஏழு மாதப் பணம், ஜனவரிக் குளிர், பதில் வராத ஒரு விண்ணப்பம் ஆகிய நான்கும் அந்த மரணத்தில் என்ன பங்கு வகித்தன என்பதற்கு விடை கேட்க நமக்கு உரிமை உண்டு.

நீதி கேட்டவர்களுக்கு என்ன ஆனது? விடுப்பில் போன துணைவேந்தர் 2016 மார்ச்சில் திரும்பி வந்தபோது எதிர்த்த மாணவர்களும் ஆசிரியர் இருவரும் அடித்துக் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தில் நின்ற நம் சேலத்துப் பிள்ளை முத்துகிருஷ்ணன், பிறகு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குச் சேர்ந்து, 2017 மார்ச் 13 அன்று டெல்லியில் இறந்தார். அதையும் தற்கொலை என்றார்கள். அவருடைய தந்தையும் சி.பி.ஐ. விசாரணை கேட்டார்.

வழக்கே தண்டனை

இது இந்தியாவில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஆரோன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர் இருந்தார். அறிவு எல்லோருக்கும் பொது என்று போராடிய கணினி வல்லுநர். ஆய்விதழ்க் கட்டுரைகளை ஒரு பல்கலைக்கழக இணைப்பின் வழியாக மொத்தமாகப் பதிவிறக்கினார் என்று 2011 ஜனவரியில் கைது செய்தார்கள். கட்டுரைகளை வைத்திருந்த நிறுவனம் வழக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. அரசு வழக்கறிஞர்கள் விடவில்லை. குற்றச்சாட்டுகளைப் பதின்மூன்றாக உயர்த்தினார்கள். பல பத்தாண்டு சிறை என்ற அச்சம் தலைக்கு மேல் தொங்கியது. விசாரணை தொடங்கச் சில மாதங்கள் இருக்கும்போது, 2013 ஜனவரி 11 அன்று, 26 வயதில் அவர் தற்கொலை செய்துகொண்டார். மூன்றே நாளில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டு ஆண்டு துரத்திய வழக்கு மூன்று நாளில் தேவையற்றதாகிவிட்டது! ரோஹித் விஷயத்திலும் அதுவே நடந்தது. அவர் இறந்த நான்காம் நாள், ஜனவரி 21 அன்று, மற்ற நால்வரின் நீக்கத்தைப் பல்கலைக்கழகம் ரத்து செய்தது. ஓர் உயிர் போன பிறகு சுலபமாகச் செய்ய முடிந்ததை முன்பே ஏன் செய்யவில்லை?

பெரிய ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் ஒரு பையன் டீக்கடைப் பாகுபாட்டையோ கோயில் நுழைவையோ கூலியையோ பற்றிக் கேட்டால் என்ன நடக்கிறது? அவன் கொடுத்த புகாருக்குப் பக்கத்திலேயே ஓர் எதிர்ப்புகார் பிறக்கிறது. இரண்டையும் காட்டிச் ‘சமாதானமாகப் போங்க’ என்கிறார்கள். போகாவிட்டால் வாய்தா. ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப் ஏறினால்தான் அன்றைய கூலி. வாய்தாவுக்குப் போனால் அந்த நாள் போயிற்று. மாதம் ஒரு வாய்தா என்றாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் கூலி. படித்த பையன் என்றால் இன்னும் மோசம். காவலர் தேர்வு எழுதினாலும் வழக்கு குறுக்கே நிற்கும். கடவுச்சீட்டுக்குப் போனாலும் நிற்கும். பெண் பார்க்கப் போன இடத்திலும், ‘பையன் மேல கேஸ் இருக்காமே’ என்று நிற்கும். கடைசியில் நீதிமன்றம் விடுதலை செய்யலாம். போன ஆறேழு வருடத்தை யார் விடுதலை செய்வது?

நான் பல ஊர்களில் இந்தப் பையன்களோடு நீதிமன்ற வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாய்தாவுக்கு ஊரே வேன் பிடித்து வரும். ஐந்தாவது வாய்தாவுக்கு நாலு பேர். இருபதாவது வாய்தாவுக்கு அவனும் அவன் அம்மாவும் மட்டும் இருப்பார்கள். அந்தத் தனிமைதான் கொல்லும். அதில் எதிரிக்கு மட்டுமல்ல, நமக்கும் பங்கு இருக்கிறது. இறந்த பிறகு சுவரொட்டி ஒட்டும் நாம், இருபதாவது வாய்தாவுக்கு ஏன் போகவில்லை?

என்ன செய்ய வேண்டும்?

சந்தேகம் வந்தால் அதைச் சட்டத்தின் மொழியில் கேட்க வேண்டும். சாலையில் உட்காருவது தேவைப்படும். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில், புகாரை எழுத்தில் கொடுங்கள். சந்தேக மரணம் என்று 194ஆம் பிரிவில் (பழைய 174) பதிவு செய்வது தொடக்கம் மட்டுமே. யார் மிரட்டினார்கள், எப்போது, எந்த வழக்கு, எந்த அதிகாரி என்று தேதியோடு எழுதி, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, உடற்கூறாய்வு. க.விலக்கு மருத்துவக் கல்லூரிப் பிணவறை வாசலில் அழுதுகொண்டு நிற்கும் நேரத்தில் இதெல்லாம் தோன்றாது. அதனால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஆய்வைக் காணொளியாகப் பதிவு செய்யும்படி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். குடும்பத்தில் ஒருவர் உடலைப் பார்க்க வேண்டும். காவலில் நடக்கும் மரணங்களில் இவற்றைக் கட்டாயமாக்கி மதுரைக் கிளை 2020இல் உத்தரவிட்டிருக்கிறது. அவசரப்பட்டு எரிக்கச் சம்மதிக்காதீர்கள். எரித்துவிட்டால் மறு ஆய்வுக்கு வழியே இல்லை.

மூன்றாவது, கடிதமும் கைப்பேசியும். ஒப்படைக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். கையெழுத்தை ஒப்பிட அவருடைய பழைய நோட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். கோகுல்ராஜ் வழக்கைப் புரட்டிப் போட்டது ஒரு கேமராப் பதிவு என்பதை மறக்க வேண்டாம்.

நான்காவது, வன்கொடுமைச் சட்டம் பொருந்தும் என்றால் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். அறுபது நாளில் விசாரணை முடிய வேண்டும். வழக்கை முடித்துவிட்டோம் என்று காவல்துறை சொன்னால் அதோடு முடியாது. புகார்தாரருக்குத் தெரிவித்து, அவர் பேச்சைக் கேட்ட பிறகே நீதிமன்றம் அதை ஏற்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லியிருக்கிறது. ஆட்சேப மனு போடுங்கள். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உண்டு. தப்புக்குண்டுச் சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இந்த மனுக்களை எழுதக் கற்றுக்கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

ஐந்தாவது, வாட்ஸ்அப். ஆதாரம் இல்லாமல் இவன்தான் கொன்றான் என்று பெயர் போட்டுப் பரப்பாதீர்கள். அது பொய்யாகிவிட்டால் உண்மையான கேள்வியும் அதோடு சேர்ந்து பொய்யாகிவிடும். சந்தேகம் நம் உரிமை. வதந்தி எதிரிக்கு நாம் கொடுக்கும் சாட்சி.

படிக்கும் பிள்ளைகளுக்கு

உத்தமபாளையத்திலும் வீரபாண்டியிலும் பெரியகுளத்திலும் படிக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் கல்லூரியில் சாதிப் பாகுபாட்டுப் புகாரைக் கேட்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதி வகுத்தது. அவர் யார் என்று முதல்வரிடம் கேளுங்கள். ரோஹித்தின் தாய் ராதிகாவும், மும்பையில் 2019இல் இறந்த பழங்குடி மருத்துவர் பாயல் தாட்வியின் தாயும் சேர்ந்துதான், அந்த விதி காகிதத்தில் தூங்குகிறது என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு அம்மாக்கள் உங்களுக்காக வழக்கு நடத்துகிறார்கள்.

இன்னொன்று. ரோஹித்தின் படத்துக்கு மாலை போடுங்கள். அவர் போன வழியைப் போற்றாதீர்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் இந்த ஜனவரி 30 அன்று 37 வயது முடிந்திருக்கும். ஒரு பேராசிரியராக, ஒரு தலைவராக, நம் ஊருக்கே ஒரு கூட்டத்துக்கு வந்திருக்கக்கூடும். போராளி இருந்தால்தான் வழக்கு நடக்கும். மனம் உடையும்போது நண்பரிடம் சொல்லுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் 104 என்ற எண்ணிலோ, சினேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணிலோ பேசுங்கள். அழுவது அவமானமில்லை.

ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் வழக்கு சுமக்கிற பையன் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவனுடைய அடுத்த வாய்தா எப்போது என்று இன்றைக்குக் கேளுங்கள். அன்றைக்கு ஒருவர் கூடப் போங்கள். தண்ணீர் தந்தவருக்கு 130 ஆண்டாக நன்றி காட்டுகிற பள்ளத்தாக்கு இது. தமக்காகக் கேள்வி கேட்ட பிள்ளையை நீதிமன்ற வாசலில் தனியே விடாமல் இருப்பதும் அதே நன்றிதான்.